பதிமூன்று வயது, பெயர் தெரியாது

ஏழுக்கு ஒன்று.
ஆட்டம் முடிய இன்னும் நாலு நிமிடம் இருக்கும்போதே
வண்டியைச் சூடாக்க எழுந்து போய்விட்டார்கள் பாதிப் பேர்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று, குறை சொல்வதற்கில்லை.
நான் இருந்தேன்.
என் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளைதான் கோல் காவலில் நின்றான்.

காபி வரிசையில் டார்வின் கோஸ்டியுக் சொன்னான்:
பெடர்சனை ரயில் ஏற்றி விடணும்.
இந்த ஊரில் ரயில் கோதுமைக்கு மட்டும்தான் நிற்கும் என்றேன்.
சிரிக்கவில்லை.
மூன்று வருஷமாகவே சிரிப்பதில்லை,
சீசன் டிக்கெட் விலையை மட்டும் மனப்பாடமாகச் சொல்கிறான்.

டார்வின், கேள்.
பெடர்சனுக்கு முன்னால் இருந்தவர்
ஒரே ஒரு வசந்தத்துக்காக
ஐந்து வருஷத்து டிராஃப்ட் உரிமையை அள்ளிக் கொடுத்தார்.
கோப்பை வந்தது.
ஏப்ரல் குளிரில் சட்டையில்லாமல்
ட்ரக் மேல் நின்று கொடி ஆட்டினாயே, நீதானே?
அன்றைக்கு ஊரே தின்றது விதைக் கோதுமை.
ருசியாகத்தான் இருந்தது. நானும் தின்றேன்.

அப்புறம் இவர் வந்தார்.
முழங்கால் போன இரண்டு பத்தொன்பது வயதுக்காரர்கள்,
பேருந்துக்காரனுக்குப் பழைய பாக்கி,
ஸ்கேட் தீட்டும் இயந்திரம் ஒன்று, அதுவும் ஓடாது.
இவ்வளவுதான் கையில் கொடுத்தோம்.
கொடுத்துவிட்டு, எங்கே கோப்பை என்கிறோம்.

உனக்கு எண்ணூறு ஏக்கர்.
மேற்கு வயலைப் போன வருஷம் சும்மா போட்டிருந்தாய்.
யாராவது வேலியோரம் வந்து நின்று கூச்சல் போட்டார்களா?

சரி, எனக்கு மட்டும் வலிக்கவில்லையா?
டெவ்லின் மூன்று குளிர்காலம் எங்கள் வீட்டு அடித்தளத்தில் தூங்கியவன்.
கேப்டன். பாத்திரம் துலக்கும்போது விசில் அடிப்பான், சுருதி சேராது.
ஜனவரி பத்து, மாற்றல் கெடு முடிய இருபது நிமிடம்.
போன் வந்தது. சூப்பைப் பாதியில் வைத்தான்.
ஆறு மணிக்கு அவன் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

பதிலுக்கு ஆள் வரவில்லை.
இரண்டு வருஷம் கழித்து நடக்கப்போகிற டிராஃப்டில்
முதல் சுற்றில் ஓர் இடம் வந்தது.
அதாவது, எங்கேயோ
பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிற
பதிமூன்று வயதுப் பிள்ளை ஒன்று.
அவனுக்குத் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது,
அவனுக்கு விலையாக என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்
ஒரு நாற்காலி காலியானது.

அன்று இரவு பெடர்சனை நான் வைத வசவு
உன் வாயில்கூட வராது, டார்வின்.

ஆனால் என் வீடு அவர் வீட்டுக்கு எதிரே.
நவம்பரில் எவனோ அவருடைய நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான்.
விடியுமுன் கைப்பம்பால் அடித்தார், ஒவ்வொன்றாக.
யாரிடமும் சொல்லவில்லை.
அடித்து முடித்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்டிப் போனார்,
ஹீட்டர் இல்லாத ஏதோ ஓர் அரங்கில்
பதினாலு வயதுக்காரர்கள் விழுந்து எழுவதைப் பார்க்க.
எத்தனை கோல் என்று குறிக்கமாட்டாராம்.
விழுந்தவன் எவ்வளவு சீக்கிரம் எழுகிறான், அதைத்தான்.

அப்படிப் பிடித்து வந்தவன்தான் ரெமி. பதினாறு வயது.
இன்றைக்கு ஐம்பத்திரண்டு அடித்தார்கள் அவனை நோக்கி.
ஏழு உள்ளே போனது உனக்குத் தெரியும்.
மிச்சம் நாற்பத்தைந்தை யார் எண்ணினார்கள்?

ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள்.
நமக்கு ஆக்கவே பொறுக்கவில்லை,
அடுப்பைப் பற்றவைத்தவனை உதைக்கப் போகிறோம்.

டார்வின் காபியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.
எந்த வரியில் போனான் என்று கவனிக்கவில்லை.

வாகன நிறுத்தத்தில் பெடர்சன் எதிரே வந்தார்,
தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. கை தூக்கினார்.
வண்டிக்குள்ளிருந்து ரெமி கையாட்டினான்.
நான் கண்ணாடியில் உறைந்த பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே சுரண்டிய இடத்தில்.